கேபினுக்குள் ஒரு டிரான்சிஸ்டர்

வால்டாக்ஸ் ரோட்டுப் பார்சல் ஆபீஸ்களில் மதியத்திலிருந்தே லோடு ஏறத் தொடங்கிவிடும். ஆனால் வண்டி நகர்வது ராத்திரியில்தான். பகலில் கனரக வண்டிகளுக்குச் சென்னைக்குள் கட்டுப்பாடு உண்டு. அதனால் தென்மாவட்டத்து மருந்துக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் மோட்டார் கடைக்கும் போகவேண்டியதெல்லாம் ஊர் உறங்கிய பிறகே சாலைக்கு வருகிறது. 2019 ஐப்பசியில், தீபாவளிச் சரக்கை அனுப்பி ஆபீஸ்கள் ஓய்ந்திருந்த வாரத்தில், இராமேசுவரம் வரை போகும் ஒரு 17 அடி ஐஷரில் எனக்கு டிரைவருக்குப் பக்கத்து சீட் கிடைத்தது. காரைக்குடியில் பாதி லோடு இறங்கும், தேவகோட்டையிலும் இராமநாதபுரத்திலும் கொஞ்சம், மிச்சம் தீவுக்கு. கிளீனர் கிடையாது. இப்போது பார்சல் வண்டிகளில் கிளீனர் வைப்பதையே முதலாளிகள் விட்டுவிட்டார்கள். 500 கிலோமீட்டருக்கு மேல் ஒற்றை ஆள்தான்.

அந்த வண்டியை நான் தேடிப் போனதற்குக் காரணம் அதன் டேஷ்போர்டில் இருந்த ரேடியோ. டிரைவர் அண்ணன் பரமக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொட்ட வயது. அவர் ரேடியோ இல்லாமல் வண்டி எடுக்க மாட்டார் என்று லாரி ஆபீஸில் பில்டி என்கிற சரக்குச் சீட்டு எழுதும் நண்பர் சொல்லியிருந்தார்.

பழைய பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் அது. எஃப்.எம்., மீடியம் வேவ் என்று இரண்டு பேண்டு. பேட்டரி மூடி எப்போதோ போய்விட்டது; அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப். அடியில் நான்காக மடித்த துண்டு, வண்டி குலுங்கும்போது தடதடக்காமல் இருக்க. சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டை ஒன்று அதை முன்கண்ணாடியை ஒட்டிக் கட்டிப்போட்டிருந்தது. டயல் கண்ணாடி மேல் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். மகளின் நெயில் பாலிஷைத் தீக்குச்சியில் தொட்டு வைத்தவை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிலையம். இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை; சக்கரத்தை எவ்வளவு திருப்பினால் எந்தப் புள்ளி என்பது விரலுக்கே தெரிந்திருந்தது.

டேஷ்போர்டில் ஸ்டீரியோ இருக்கவேண்டிய இடம் பொந்தாக இருந்தது. உள்ளே நாலைந்து ஒயர்கள் தொங்கின. "அதெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டானுக. மாட்டித் தாங்கன்னு நான் கேக்கவும் இல்ல" என்றார். "வண்டி ஓனரோடது தம்பி. இன்னைக்கு இது, நாளைக்கு வேற வண்டி. ரேடியோ என்னோடது. எந்த வண்டில ஏறினாலும் கூடவே வரும்."

முதலில் எஃப்.எம்.தான் வைத்திருந்தார். 101.4, 102.3, நடுவில் தனியார் நிலையங்கள் என்று சென்னைக்குப் பஞ்சமே இல்லை. பரனூர் டோல்கேட்டில் சில்லறை வாங்கிக்கொண்டு கிளம்பியபோதே பாட்டின் ஓரம் கிழிய ஆரம்பித்தது. மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒரு வரி வருகிறது, அடுத்த வரியை இரைச்சல் எடுத்துக்கொள்கிறது. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிற ஜாதி. பூமி வளையும் இடத்தில் அது வானத்தைப் பார்த்துப் போய்விடும். ஒரு நகரத்து எஃப்.எம். நிலையம் சாலையில் ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கூடவந்தாலே பெரிது.

"இனிமே இது ஆகாது" என்று பேண்டை மாற்றினார். மாற்றுவதற்கு முன் போன் சார்ஜரை சாக்கெட்டிலிருந்து பிடுங்கினார். சார்ஜருக்குள் இருக்கும் மின்சுற்று மீடியம் வேவில் ஓயாமல் ரீங்கரிக்கும் என்று அவர் எங்கும் படித்ததில்லை, கேட்டுக் கண்டுபிடித்தது. அவர் கண்டுபிடித்த இன்னொன்றும் உண்மை: மீடியம் வேவ் கேட்கக் காரைவிட லாரி நல்லது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதெல்லாம் அந்தப் பொறி ரேடியோவிலும் 'டிர்ர்' என்று ஏறும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கியே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அது காதுக்குத்தான், ரேடியோவுக்கு இல்லை.

சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்சில் 200 கிலோவாட் சக்தியோடு வந்தது. அச்சிறுபாக்கம் அருகே எதிரே வந்த லாரிகளின் வெளிச்சம் கேபினுக்குள் அடித்து அடித்து மறைய, அறிவிப்பாளர் மறுநாள் நிகழ்ச்சிகளை நிதானமாகச் சொல்லி முடித்தார். பதினொரு மணி கடந்து சில நிமிடங்கள். ஒலிபரப்பு நிறைவடைந்தது. அதற்குப் பிறகு அந்தப் புள்ளியில் வெறும் இரைச்சல்.

அண்ணன் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். புதுச்சேரி 1215, இல்லை. திருச்சி 936, இல்லை. மாநிலத்தின் மீடியம் வேவ் நிலையங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படுக்கப் போய்விடுகின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் நிரம்புகின்றன. கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிறவர்கள், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு கன்டெய்னர் கொண்டுபோகிறவர்கள், பால் டேங்கர், முட்டை லாரி. முழித்திருந்து வேலை செய்கிற இத்தனை பேர் ஒரே சாலையில் வரிசைகட்டிப் போகும்போது அவர்களோடு பேச டயலில் தமிழ்க் குரல் ஒன்றுகூட இல்லை என்பதை அந்த சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

மீடியம் வேவுக்கு இரவு என்பது பெரிய வரம். பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று, டி அடுக்கு என்பார்கள், மேலே போகும் அலைகளை உறிஞ்சிவிடும். தரையை ஒட்டிப் போகும் அலை மட்டுமே மிஞ்சும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்துவிடுகிறது. அலைகள் அதைக் கடந்து இன்னும் மேலே உள்ள அடுக்கில் மோதி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தரைக்குத் திரும்புகின்றன. அன்றிரவும் 936-இன் இருபக்கமும் புரியாத மொழிகள் எங்கெங்கிருந்தோ வந்து ஏறின, இறங்கின.

அண்ணன் முன்பு சங்ககிரி லாரிகளில் வடக்கே ஓட்டியவர். டெல்லி, கான்பூர், கொல்கத்தா. டயலின் வலது ஓரத்தில் மங்கிப்போன ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். "இது நாக்பூர். ராத்திரி பூரா ஓடும் தம்பி."

அவர் சொன்னது ஆகாசவாணியின் தேசிய அலைவரிசை. 1988-இல் தொடங்கியது, நாட்டின் நடுவில் நாக்பூரில் 1000 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், 1566 கிலோஹெர்ட்ஸ். மற்ற நிலையங்கள் மூடும்போது இது விழித்திருக்கும். இரவில் வானடுக்கில் பட்டுத் திரும்பும் அந்த அலை இந்தியாவின் பெரும்பகுதியை எட்டியது. செய்தி, பழைய திரைப்பாட்டு, இந்துஸ்தானி, கர்நாடக இசை, நடுவே பேச்சு. 2019 தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். செலவு மிச்சம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

"ஹிந்தி எனக்கு முழுசாப் புரியாது" என்றார் அண்ணன். "ஆனா ஒருத்தன் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கான்ல. நாம மட்டும் முழிச்சிருக்கல, அங்கயும் ஒருத்தன் நமக்காக முழிச்சிருக்கான்னு தோணும். ஜபல்பூர் காட்டுல ராத்திரி மூணு மணிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

போனில் ஆயிரம் பாட்டு இருக்கிறதே என்று கேட்டேன். விழுப்புரம் பைபாஸ் தாண்டி, சாலை நேராகி, வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. முன்னால் போன டிரெய்லரை ஒதுங்கி முந்திய பிறகு சொன்னார்: "தெரிஞ்ச பாட்டு தாலாட்டு மாதிரி. அடுத்த வரி என்னன்னு நமக்குத் தெரியும், மனசு அதுபாட்டுக்குப் பாடிட்டு கண்ணு சொருகிடும். பேச்சுன்னா அப்படி இல்ல. அடுத்து என்ன சொல்லப் போறான்னு காது எந்திரிச்சு உக்காரும்."

தூக்கம் அவருக்குப் பேச்சுக்கு எடுத்த விஷயம் அல்ல. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒருவருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஆனால் ராத்திரி ஸ்டியரிங் பிடித்தவர் மறுநாள் சாயங்காலம் தீவில் கடைசிப் பெட்டியை இறக்கும்வரை அந்த வண்டி அவர் பொறுப்பு. இறக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் சீட்டிலேயே காலை நீட்டுவதுதான் ஓய்வு. உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கியபோது அவர் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, அப்படியே துடைக்காமல் ஏறினார். காற்றில் காயும்வரை தூக்கம் வராதாம்.

செங்குறிச்சி டோல்கேட்டுக்குப் பிறகு ரேடியோவை 936-லேயே விட்டுவிட்டார். நிலையம் இல்லை, வெறும் இரைச்சல். ஏன் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சலுக்குள் 'படக்' என்று ஒரு வெடிப்பு. பிறகு இரண்டு. தொழுதூரை நெருங்கும்போது வறுகடலை பொரிவது போன்ற சத்தம் விட்டுவிட்டு வந்தது. வானத்தில் எதுவும் தெரியவில்லை. மேற்கே நட்சத்திரம்கூட இருந்தது. திருமாந்துறை டோல்கேட் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார்.

"மின்னல் தம்பி. கிட்ட வருது. மருந்துப் பெட்டி மேலாப்புல இருக்கு."

தார்ப்பாயின் பின்பக்க மடிப்பை உதறி இழுத்து, கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டோம். ஒவ்வொரு மின்னலும் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர்தான். அது விடும் அலையில் பெரும்பங்கு மீடியம் வேவுக்கும் அதற்குக் கீழேயும் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்து மின்னலை ரேடியோ முதலில் கேட்டுவிடும். பெரம்பலூர் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. அது அவர் பக்கம்.

பாடாலூருக்குப் பிறகு மழை விட்டது. சமயபுரம் கடந்து கொள்ளிடம் பாலத்தில் ஏறும் நேரத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மணி ஆறுக்குச் சில நிமிடங்கள் இருக்கும். அப்போது 936-இல் ஒன்று நடந்தது. இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று அடங்கியது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, வெறும் அமைதி. டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டார்கள், ஊர்தி அலை வந்துவிட்டது, அதன் மேல் குரல் இன்னும் ஏறவில்லை. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்துட்டாங்க."

பிறகு வயலினும் தம்பூராவுமாக ஆகாசவாணியின் அந்த முகப்பிசை. நாஜிகளிடமிருந்து தப்பி பம்பாய் வந்து சேர்ந்து, அங்கே வானொலியில் வேலை பார்த்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசையமைப்பாளர் 1930-களில் செய்தது அது. சிவரஞ்சனி ராகத்தின் சாயல். இந்த நாட்டில் பல தலைமுறைகள் விடிந்து முதலில் கேட்ட சத்தத்தைத் தந்தவர் இங்கே அடைக்கலம் தேடி வந்த ஒருவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாட்டின் மேல் ஒரு பிரியம் வருகிறது. வந்தே மாதரம் முடிந்து நாதசுரம் தொடங்கியபோது காவிரிப் பாலத்தில் இருந்தோம். வலப்பக்கம் மலைக்கோட்டை தெரிந்தது.

திருச்சி வானொலி 1939 மே மாதம் தொடங்கியது, சென்னைக்கு அடுத்த ஆண்டு. 936 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளமே 320 மீட்டர். ஒரு தெரு நீளமுள்ள அலை. மேட்டையும் பள்ளத்தையும் தோப்பையும் பற்றிக் கவலைப்படாமல் தரையைத் தழுவிக்கொண்டு போகும். 100 கிலோவாட்டில் டெல்டா முழுவதற்கும் பகலிலேயே கேட்கும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தபோது, எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று தஞ்சாவூர் விவசாயிகளுக்கு இந்த நிலையம்தான் நாள் தவறாமல் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பயிருக்கு வானொலியின் பெயர் கிடைத்த ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வயலில் நிற்கிறவனின் வேலை நேரம் பார்த்து அன்று நிகழ்ச்சி அமைத்தார்கள். அதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

விமான நிலையம் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் போகும்போது மாநிலச் செய்திகள், அப்புறம் 7.15-க்கு ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி. வேறு யாரோ வாசித்தார்கள், ஆனால் அண்ணனுக்கு அந்த நேரம் என்றால் முன்பு டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமிதான். அந்தக் கம்பீரமான குரலை அவர் ஒரு வரி நடித்துக் காட்டினார், நன்றாகவே வந்தது. அம்மையார் 2022-இல் மறைந்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இவர் முகம்தான்.

புதுக்கோட்டையை நெருங்கும் வழியில் சாய்ந்த தென்னைகள் இன்னும் அப்படியே கிடந்தன. கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கரையேறி இந்தப் பக்கமாகத்தான் போனது. ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகியிருந்தது. அண்ணன் அப்போது நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு பேராவூரணிப் பக்கம் போனவர். கரண்டு கம்பம் எல்லாம் படுத்துவிட்டது, செல்போன் டவருக்கும் உயிர் இல்லை. "சனங்க வண்டியைச் சுத்தி நிக்கிறாங்க. அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி கேக்குறாங்க. ஒரு பெரியவர் மட்டும் என் ரேடியோவையே பாத்துக்கிட்டு, 'தம்பி, பேட்டரி இருக்கா'ன்னு கேட்டாரு. மழை இன்னும் வருமான்னு தெரியணுமாம். ஸ்பேர் வச்சிருந்ததக் கழட்டிக் குடுத்தேன்." அந்த ஊர்களில் பல நாள் கழித்துத்தான் மின்சாரம் வந்தது.

திருமயம் கோட்டை இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ரேடியோவின் ரப்பர் பட்டையைத் தளர்த்தி, அதைக் கால்வட்டம் திருப்பி வைத்தார். அதுவரை கேட்காத மதுரை, 1269-இல், தெளிவாக எழுந்தது. ரேடியோவுக்குள் பென்சில் கனத்தில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு இருக்கிறது. அதன் மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிதான் மீடியம் வேவுக்கு ஏரியல். தண்டின் பக்கவாட்டில் வந்து மோதும் அலையை அது நன்றாக வாங்கும். நுனிக்கு நேரே வரும் அலை அதற்குக் கேட்காது. முன்கண்ணாடியைப் பார்த்து ரேடியோ இருக்கும்போது தண்டு சாலைக்குக் குறுக்கே கிடக்கிறது. முன்னாலும் பின்னாலும் உள்ள நிலையங்கள் பலமாக வரும். தெற்கே போகிற எங்களுக்குத் திருச்சி முதுகுக்குப் பின்னால், மதுரை வலது கைப்பக்கம். திருப்பினால் மதுரை வருகிறது, திருச்சி தேய்கிறது. வளைவான சாலையில் ஒரு நிலையம் மங்கி மங்கித் தெளிவதை வைத்தே வண்டி எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று அவர் சொல்லிவிடுவார். காரைக்குடிக்குள் நுழையும்போது எஃப்.எம்.முக்கு மாற்றி ஏரியலை நீட்டினார்: கொடைக்கானல் 100.5. 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் இருந்து ஒலிபரப்பாகிற நிலையம் அது. நேர்கோட்டு அலைக்கு அவ்வளவு உயரம் கிடைத்தால் எட்டாத ஊர் குறைவு.

காரைக்குடியில் இறக்குக்கூலிக்காரர்கள் வர நேரமானது. தேவகோட்டையில் கடை திறக்கவில்லை. அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் பக்கம் வந்தபோது சாயங்கால வெயில். டயலில் 1053, தூத்துக்குடி. 200 கிலோவாட், கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழரை நோக்கி வைத்த நிலையம். இந்தக் கரையில் வானொலி எப்போதும் இருபக்கமும் பாய்ந்திருக்கிறது. 1952-க்குப் பிறகு, பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில் ஆகாசவாணியில் திரைப்பாட்டுக்கு இடம் சுருங்கியது. கேட்கிறவர்கள் அப்படியே இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் விவித் பாரதி தொடங்கியதே அவர்களைத் திரும்ப அழைக்கத்தான். ஆனால் தமிழ்நாட்டில் பலர் திரும்பவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அந்தக் கரையின் அறிவிப்பாளர்கள் இந்தக் கரையில் வீட்டு மனிதர்கள் ஆனார்கள். அண்ணனின் தகப்பனார் பரமக்குடியில் தறி ஓட்டியவர். தறிக்குழிக்கு மேலே மாடத்தில் ரேடியோ. காலை முழுக்க சிலோன். "எங்கப்பா கடியாரம் பாத்ததே இல்ல. இந்த நிகழ்ச்சி வந்தா கஞ்சி, அந்த நிகழ்ச்சி முடிஞ்சா பாவு மாத்தணும்."

கைவேலையும் கண்வேலையும் ஒன்றாக உள்ளவர்களுக்குக் காதுதான் காலி. நெசவாளி, டிரைவர், இரவுக் காவலாளி, டீ மாஸ்டர். வானொலி அவர்களுக்கென்றே பிறந்தது போலத்தான் இருக்கிறது.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது காற்று வண்டியைத் தள்ளியது. பாலத்தின் நடுவில் அண்ணன் 90.4-க்குத் திருப்பினார். கடல் ஓசை. 2016 ஆகஸ்ட் 15-இல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கப்பட்ட சமுதாய வானொலி. சில கிலோமீட்டர்தான் எட்டும்; பாலத்தில் ஏறினால் வரும், மண்டபம் தாண்டினால் போய்விடும். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்பதை அந்த ஊர்ப் பேச்சிலேயே ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே விசைப்படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டு நின்றன. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற நிலையம்.

தீவுக்குள் டயலைச் சும்மா நகர்த்தினாலே இலங்கை எஃப்.எம். நிலையங்கள் வருகின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். தண்ணீர் மேல் எஃப்.எம். அலைக்குத் தடையே இல்லை. கொழும்பு நேரம் சொன்னார்கள். 2006 முதல் நம் நேரமும் அவர்கள் நேரமும் ஒன்று. அண்ணன் தன் கைக்கடிகாரத்தை அதற்குச் சரிபார்த்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டியை இராமேசுவரத்தில் இறக்கியபோது மணி ஏழு. மறுநாள் ராத்திரி ரிட்டன் லோடு. சாப்பாட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நாடெங்கும் ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள் என்று சொன்னேன். மின்சாரச் செலவு அதிகம், கேட்பவர் குறைவு என்கிறார்கள் என்றேன்.

கேட்பவர் குறைவு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாரும் தூங்கப்போகும் நேரத்தில் மூடிவிட்டுக் கேட்பவரை எண்ணினால் குறைவாகத்தான் இருக்கும். பகலில் டெல்டாவுக்குக் கேட்கிற திருச்சி 936, இரவில் வானடுக்கில் பட்டுத் திரும்பினால் தமிழ்நாடு முழுவதையும் எட்டும். டிரான்ஸ்மிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. பதினொரு மணியிலிருந்து விடியும்வரை ஓர் அறிவிப்பாளர், ஒரு பொறியாளர், ஒரு டெலிபோன். இவ்வளவுதான் வேண்டும். அறுபது வருடத்துக்கு முன் நாற்று விடும் நேரம் பார்த்துப் பேசிய நிலையத்துக்கு லாரி கிளம்பும் நேரம் பார்த்துப் பேசத் தெரியாதா?

அண்ணனிடம், அப்படி ஒரு நிகழ்ச்சி வந்தால் அதில் என்ன இருக்கவேண்டும் என்று கேட்டேன். இலையை மடித்துவிட்டு, கை கழுவி வந்து, கேட்டதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்: "பாட்டு கொஞ்சமாப் போதும். எங்க மழை, எந்தப் பாலத்துல வேலை நடக்குது, எங்க ஆக்சிடென்ட்டாகி ஜாம் ஆயிருக்கு, அது வேணும். மூணு மணிக்கு மேல யாராச்சும் கதை சொல்லணும், நல்லா நீளமா. நாலு மணிக்கு ஒருதரம், 'தூக்கம் வந்தா ஓரங்கட்டிப் படுங்கய்யா, லோடு ஒரு மணி நேரம் லேட்டாப் போனா ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லணும். அதை ஓனரும் கேக்குற மாதிரி சொல்லணும்."